பீரோ மேல் இருந்த அரிஷ்டம்

இது நடந்தது போன வருடம் சித்திரை மாதத்தில், மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில். அப்போது மெட்ரோ ரயிலுக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். தேனாம்பேட்டையில் இருக்கும் என் ஆபீஸ் ஒன்றும் வெகுதூரம் இல்லை. ஆனால் தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு, இன்று திறந்திருக்கும் தெரு நாளை மூடியிருக்கும் என்கிற கதையில், வீடு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எனக்கு வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனியில், கிளெய்ம் பார்ப்பது. நாள் முழுக்க ஊரார் விபத்துகளைப் படித்துவிட்டு, காலர் நிறைய மண்ணோடு வருகிறவனுக்கு, வீட்டில் அரைமணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும். எனக்கு அந்த அரைமணி கிடைக்காமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. காரணம் என் மனைவியின் மூக்கு.

அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் அவளுக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. எனக்கும்தான் வந்தது. எனக்கு ஒரு வாரத்தில் போய்விட்டது. அவளுக்குக் காய்ச்சல் போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஜலதோஷம் சரியானால் வந்துவிடும் என்று இருந்தோம். ஜலதோஷம் சரியானது, மூக்கு நன்றாக மூச்சு விட்டது, ஆனால் காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளேயே விட்டாலும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசனை இல்லாவிட்டால் ருசியும் கிடையாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாக்கில் உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு, கசப்பு இவை மட்டும் மொட்டையாகத் தெரியும். மற்றபடி எது சாப்பிட்டாலும் நனைந்த பேப்பரை மெல்கிற மாதிரி இருக்கிறது என்பாள்.

அவள் சாதாரண மூக்குக்காரி இல்லை. லிஃப்டில் ஏறும்போதே எந்த மாடியில் யார் வீட்டில் வெந்தயக் குழம்பு என்று சொல்லுவாள். பால்காரர் முந்தின நாள் பாலைக் கலந்தாரா என்பதைப் பாக்கெட்டைக் கத்தரித்த நொடியே கண்டுபிடித்துவிடுவாள். சமைக்கும்போது ருசி பார்க்கும் வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. சுவாமிக்குக் காட்டுகிற வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. எல்லாம் மூக்கால்தான். ரசத்தில் உப்பு போட்டாயிற்றா என்பதைக்கூட ஆவியை முகர்ந்தே சொல்லுகிறவள், இப்போது கரண்டியும் கையுமாக என்னைத் தேடி வர ஆரம்பித்தாள்.

"ஏன்னா, பெருங்காயம் வாசனை வர்றதா பாருங்கோ."

"ஏன்னா, இந்தத் தயிர் புளிச்சுடுத்தா?"

"இந்த ப்ளவுஸை மோந்து பாருங்கோ. தோய்க்கப் போடணுமா?"

காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு கரண்டி, பேப்பர் படிக்கும்போது ஒரு கிண்ணம், படுக்கப் போகும்போது தலையணை உறை. நான் அந்த வீட்டின் மூக்காகிவிட்டேன். பாவம்தான், தெரியும். ஆனாலும் மாதக்கணக்கில் ஒருவருக்காக இன்னொருவர் மூக்கைச் சுமப்பதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆபீசில் லீவு போட்டால் அன்றும் மூக்குக்கு லீவு கிடையாது.

மார்கழியில் ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அவள் அதே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேஸ் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் குளித்துவிட்டு வெளியே வந்தவன், ஈரத்துண்டோடு ஓடிப்போய் அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்தேன். அவள் கையில் கத்தியோடு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நான் வீட்டில் இல்லாதபோது அடுப்பு பற்றவைப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் செய்ததை மத்தியானம் ஆறிப்போய்ச் சாப்பிடுவாள். அதுவும் பாதிதான். கை வளையல்கள் முழங்கை வரை ஏற ஆரம்பித்தன. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள், ஏதோ நான் சோறு போடாதது மாதிரி.

அடையாறில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் ரொம்ப நல்ல மாதிரி. வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது, தானாக வளர்ந்து வரலாம், வராமலும் போகலாம், மருந்து என்று பெரிதாக எதுவும் கிடையாது, பயிற்சிதான் என்றார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் நான்கையும் தனித்தனிக் குப்பியில் வைத்துக் காலையும் மாலையும் முகரச் சொன்னார். முகரும்போது அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அவள் விளக்கேற்றி ஸ்லோகம் சொன்ன கையோடு அந்த நாலு குப்பிகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள். எழுந்திருக்கும்போது நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். உடம்பு தேற ஆயுர்வேத அரிஷ்டம் சாப்பிடச் சொல்லி யாரோ சொன்னார்கள் என்று அதையும் வாங்கி, சாப்பாட்டுக்கு அப்புறம் வெந்நீரில் கலந்து குடித்து வந்தாள். கசப்பு என்பது மட்டும் தெரிகிறது என்றாள்.

இந்த நிலைமையில்தான் விஸ்கி எங்கள் வீட்டுக்குள் வந்தது.

ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு நண்பன். என் வயதுதான். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். "இன்னா மாமா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்று ஒருநாள் கேட்டான். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு துணிப்பையில் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் வைத்தான்.

"என் மச்சான் ஏர்போர்ட்ல வாங்கினு வந்தான் மாமா. ஒரு வாய்தான் வச்சேன். ஆஸ்பத்திரி வார்டைக் கழுவி ஊத்தனாப்ல கீது. நமக்கு செட் ஆவல. நீ சின்ன வயசுலேர்ந்து ஹோமப் புகைல வளந்த ஆளு. உனக்கு செட் ஆவும், எட்த்துனு போ."

எனக்கு அதுவரை இந்த விஷயத்தில் அனுபவம் என்று பார்த்தால், கல்லூரி டூரில் ஒரு பீர், ஆபீஸ் பார்ட்டியில் ஒரு ரம். இரண்டும் மனதில் நிற்கவில்லை. நண்பன் இதைப் பற்றி நிறைய வீடியோ பார்த்துவைத்திருந்தான். குடிக்கத்தான் பிடிக்கவில்லையே தவிர, விளக்கம் சொல்லப் பிடித்திருந்தது. ஏதோ ஒரு குளிர்த் தேசத்தில், சதுப்பு நிலத்தில் செடிகொடியெல்லாம் மக்கிக் கெட்டிப்பட்ட மண்ணை வெட்டிக் காயவைத்து வறட்டி மாதிரி எரிப்பார்களாம். அதற்குப் பெயர் பீட். அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவதால் புகை விஸ்கிக்குள்ளேயே இறங்கிவிடுமாம். "எல்லாரும் இனிப்பா கீறதுல ஆரம்பிச்சு கடைசியா இங்க வருவாங்க மாமா. நீ நேரா கடைசி ஸ்டாப்புல எறங்கற. ஐஸ் போடாத, சோடா ஊத்தாத. ரெண்டு சொட்டுத் தண்ணி. மூக்கை உள்ள உடாத, வாயைக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கினு மோந்து பாரு. மொதல் வாய் சும்மா நாக்குக்குத் தகவல் சொல்றதுக்கு. ரெண்டாவது வாய்தான் கணக்கு."

வீட்டில் மறைக்க எனக்குத் தெம்பில்லை. நேராக அவளிடமே சொன்னேன். சாயங்காலம் ஒரு சின்ன அளவு, பின்பக்கம் வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனியில் உட்கார்ந்து, அரைமணி நேரம், அவ்வளவுதான் என்றேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"குடிச்சுக்கோங்கோ. எனக்கா நாத்தம் தெரியப் போறது?"

அதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவள் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் முன்னால் போய் நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை கூடாது. அமாவாசை, ஏகாதசி, பிரதோஷம், கிருத்திகை கூடாது. என் அப்பா திதி வருகிற மாதம் பூராவும் கூடாது. சமையல் உள் டம்ளரைத் தொடப்படாது. குடித்துவிட்டு சுவாமி அறைப் பக்கம் தலைவைக்கக் கூடாது. இத்தனையும் கழித்துப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது சொற்ப நாட்கள்தான். சத்துமாவு டப்பாவோடு இலவசமாக வந்த ஒரு கண்ணாடி டம்ளரை எனக்கென்று ஒதுக்கி, வாஷிங் மெஷின் மேல் கவிழ்த்துவைத்தாள்.

முதல் நாள் மூடியைத் திறந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, பள்ளிக்கூடத்தில் முழங்கால் சிராய்த்தால் தடவுகிற டிஞ்சர். அதற்குப் பின்னால் மழையில் நனைந்த விறகைப் பற்றவைத்த புகை. நண்பன் சொன்னபடி வாயைத் திறந்துவைத்துக்கொண்டு முகர்ந்தேன். ஒரு வாய் விட்டேன். தொண்டையில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது வாய் இன்னும் மோசம். அடுத்த முறை சோடா கலந்து பார்த்தேன். சாம்பலில் சோடா ஊற்றியது போலாயிற்று. காராபூந்தி வைத்துக்கொண்டு குடித்தால் இரண்டும் கெட்டது. சே, இதற்கா இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அரைமணி நேரம் கிடைக்கிறதே. டம்ளர் கையில் இருக்கும் வரை கரண்டி என்னைத் தேடி வராது. அதற்காகவே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. அவசரப்படக் கூடாது. டம்ளரில் ஊற்றி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு, துணி காயும் கொடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், டிஞ்சர் நெடி விலகிவிடுகிறது. புகைக்கு அடியில் ஒரு தித்திப்பு எட்டிப் பார்க்கிறது. அடிப்பிடித்துப்போன பால் பாயசத்தைச் சுரண்டிச் சாப்பிட்டால் ஒரு ருசி வருமே, அது. பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. பழகிவிட்டது. சின்னச் சின்ன வாயாக அந்தக் கொஞ்சத்தை அரைமணிக்கு இழுத்தடிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் பால்கனிக் கதவருகில் வந்து நின்றாள். கையில் கரண்டி இல்லை.

"என்ன வாசனை வர்றது? சொல்லுங்கோ."

"வேண்டாம். இதுல என்ன வாசனை."

"சொல்லுங்கோன்னா."

டம்ளரை அவள் பக்கம் நீட்டினேன். சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே பாவம் அவளுக்கு. சரி என்று சொல்ல ஆரம்பித்தேன். டிஞ்சர், ஈர விறகு, அப்புறம் அடிப்பிடித்த பாயசம் என்றேன். கதவில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம்?" என்றாள். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இருந்த அலுப்பில் அதுகூடத் தோன்றவில்லை.

சித்திரையில் மாயவரத்திலிருந்து என் அக்கா வருவதாகப் போன் வந்தது. தி.நகரில் ஒரு மண்டபத்தில் அவள் புகுந்த வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். அத்திம்பேர் நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவார், அக்கா மட்டும் முன்னாலேயே வந்து எங்களோடு தங்குவாள். அக்கா நல்லவள். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் மறுநாளே அந்த வீட்டை ஒழித்து வைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். அவள் கண்ணிலிருந்து பாட்டிலை எங்கே மறைப்பது? என் மனைவிதான் யோசனை சொன்னாள். காலியான அரிஷ்ட பாட்டில் ஒன்று கிடக்கிறது, அதில் ஊற்றிவிடலாம், பழுப்புக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பது என்ன நிறம் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். எனக்கும் பிரமாதமாகத்தான் பட்டது. வீட்டில் பாதிக்கு மேல் மிச்சமிருந்த விஸ்கி, புனல் வழியாக அரிஷ்டமாகியது. அதை எங்கள் படுக்கையறை பீரோவின் மேலே, பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால் தள்ளினேன். காலி விஸ்கி பாட்டிலைத் துணிப்பையில் போட்டு நண்பனிடமே திருப்பிக் கொடுத்தேன். "இன்னா மாமா, அதுக்குள்ள முட்ச்சிட்டியா?" என்று அவன் கும்பிட்டான்.

அக்கா வந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நானும் அக்காவும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மனைவி சமையலறையில் இருந்தாள். கல்யாணத்துக்கு அவள் வர மறுத்ததில் அன்று காலையிலிருந்தே வீட்டில் ஒரு இறுக்கம்.

"கும்பல்ல போய் நின்னா என் மேல என்ன வாடை வர்றதுன்னு எனக்கே தெரியாது. இலையில உக்காந்து சாப்பிடற மாதிரி நடிக்கவும் என்னால முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ" என்று முடித்துவிட்டாள். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "ஏண்டா, இவ இப்படி இளைச்சுண்டே போறாளே, நீ பாத்துண்டு சும்மா இருக்கியே" என்றாள். நான் என்ன செய்யட்டும்? எனக்கு அழுகைதான் வந்தது. டிவியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அப்போது அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னடா இது, கருகற வாசனை? ஒயர் ஏதாவது எரியறதா?"

அவள் எழுந்து சுவிட்ச் போர்டுகளைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கும் அது வந்தது. ஆனால் எனக்கு அது என்னவென்று தெரியும். டிஞ்சர், ஈர விறகு. வெந்நீர் பட்டதால் வீடு முழுக்கக் கிளம்பியிருந்தது. பகவானே என்று சமையலறைக்கு ஓடினேன்.

அவள் மேடையருகில் நின்றுகொண்டிருந்தாள். அரிஷ்டம் குடிக்கிற சின்னக் கிண்ணம் கையில். பாதி குடித்திருந்தாள். முகம் கோணி, கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அலமாரியில் மருந்துத் தட்டு பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரே ஒரு அரிஷ்ட பாட்டில் இருந்தது. பின்னால் வந்த அக்கா, "அதுவா, காலம்பற என் பெட்டியை வைக்கப் போனேன். மருந்தை யாராவது பீரோ மேல வெப்பாளா? எடுத்துண்டு வந்து இங்க வெச்சேன். பழைய பாட்டில்ல அடியில கொஞ்சம்தான் இருந்தது, கொட்டி அலம்பிட்டேன்" என்றாள்.

"அதைக் கீழ வை. அது மருந்து இல்லை" என்று நான் மனைவியின் கையைப் பிடித்தேன்.

அவள் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

"ஏன்னா" என்றாள். "ஏதோ கருகறது."

எனக்கு உடனே உறைக்கவில்லை. ஆமாம், அக்காகூட அதைத்தான் சொன்னாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் சொன்னது யார் என்று பார்த்தேன்.

"என்ன சொன்னே?"

"கருகறது. புகை. இங்க." மூக்கைத் தொட்டுக் காட்டினாள். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனாள், எடுத்தாள், மறுபடி கொண்டுபோனாள். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே, அது ஓடிப்போய்விடுமோ என்பது போல. அப்புறம் மேடையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான். இத்தனை மாத அலுப்பும் ஒரேயடியாகக் கண்ணால் வந்த மாதிரி இருந்தது.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிண்ணத்தை வாங்கி முகர்ந்தாள். "ஐயய்யே, இது கெட்டுப் போயிடுத்து. இதையா குடிச்சே?" என்றவள், அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டே தொட்டிப் பக்கம் போனாள்.

"கொட்டாதீங்கோ அக்கா!"

என் மனைவி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பாய்ந்துபோய் பாட்டிலைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது மருந்து இல்லை. விஸ்கி. இவரோடது. எனக்குத் தெரிஞ்சுதான் குடிக்கறார். எனக்கு வாசனை தெரியறது அக்கா. கொட்டாதீங்கோ."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. என் தலைமுறைக்கே சேர்த்து ஒரு அர்ச்சனை காத்திருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நிஜமாவே தெரியறதா?" என்றாள் அக்கா.

"தெரியறது."

"கண்ணை மூடு."

அக்கா தன் புடவைத் தலைப்பால் அவள் கண்ணைப் பொத்தினாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் விஸ்கி. தலைப்பை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கிண்ணங்களை மாற்றி மாற்றி அவள் மூக்குக்குக் கீழே நீட்டினாள். இது? ஒண்ணும் இல்லை. இது? கருகறது. இது? ஒண்ணும் இல்லை. ஒருமுறை வேண்டுமென்றே தண்ணீரையே திரும்பத் திரும்பக் காட்டினாள். என் மனைவி ஏமாறவில்லை. கடைசியில் அக்கா தலைப்பை எடுத்துவிட்டு, அதே தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள். பாட்டில் மூடியை இறுகத் திருகி, மருந்துத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"அத்திம்பேர்கிட்ட ஒண்ணும் சொல்லிண்டு இருக்காதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டாவது தடவையாகக் குளிக்கப் போனாள்.

மனைவி அன்று மத்தியானம் அசந்து தூங்கினாள். சாயங்காலம் எழுந்து, மறுநாளைக்குப் புடவை எடுத்துவைத்தாள். தி.நகர் மண்டபத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் அக்காவை உட்காரவைத்து முகூர்த்தம் பார்த்தோம். மாலை மாற்றி முடிந்து ஹோமம் வளர்த்தபோது, மனைவி அக்காவைத் தாண்டி என் பக்கம் சாய்ந்து, "புகை லேசா தெரியறது" என்றாள். இலையில் உட்கார்ந்தபோது சாப்பாட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டாள்.

டாக்டர் கதையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். விஸ்கி நரம்பைச் சரிசெய்யவில்லை, அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்திருக்கும், பலமான நெடி முதலில் எட்டியிருக்கிறது என்றார். குடிக்க அவசியமில்லை, ஐந்தாவது குப்பியாக முகரட்டும் என்று சொல்லிவிட்டார். ஆக, என் பங்கு போயிற்று. பால்கனி நாற்காலியில் இப்போது வெறும் மோர்தான். விளக்கேற்றி ஸ்லோகம் முடிந்ததும், எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ், விஸ்கி என்று வரிசையாக முகர்ந்தாள் என் மனைவி. விஸ்கிக்குப் பின்னால் கிராம்பு வந்தது. அப்புறம் கற்பூரம். நடுவில் கொஞ்ச நாள் வெங்காயம் சாக்கடையாகவும், காப்பி எரிந்த ரப்பராகவும் தெரிந்து அவளை வாட்டியது. அதுவும் தேறுவதற்கு அறிகுறிதான் என்றார் டாக்டர். இன்றைக்கும் முழுசாக வரவில்லை. மல்லிகைப் பூவை வைத்துக்கொள்கிறாள், வாசனை தெரியவில்லை என்கிறாள். கேஸ் தெரிகிறது. அதனால் மத்தியானம் அடுப்பு பற்றவைத்துச் சூடாகச் சாப்பிடுகிறாள். வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டன.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், தெருவை மறுபடி எங்கோ மூடிவிட்டிருந்ததால் ஒரு பெரிய சுற்று சுற்றி, தொப்பலாக நனைந்த சட்டையோடு வந்து காலிங் பெல்லை அடித்தேன். கதவைத் திறந்தவள் ஒரு அடி பின்னால் போனாள். மூக்கைச் சுளித்தாள்.

"அப்பா, என்ன வேர்வை நாத்தம். தள்ளியே நில்லுங்கோ. முதல்ல போய்க் குளிச்சுட்டு வாங்கோ."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். "இன்னொரு தடவை சொல்லு" என்றேன். நம் மேல் வீசும் வாடைக்கு முகம் சுளித்து நம்மைக் குளிக்கத் துரத்த வீட்டில் ஒருவர் இருப்பதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று, எவ்வளவு களைத்து வந்தாலும், இப்போதும் அந்தக் கதவு திறக்கிற ஒவ்வொரு சாயங்காலமும் நான் நினைத்துக்கொள்கிறேன்.